கொக்கு வட்டமிட்ட பூஜ்யங்கள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவனைக் 'கொக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். நெடுநெடுவென்ற உடம்பு, பிழைப்பும் உயரத்தில். கிரேனின் கண்ணாடிக் கூண்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து இரும்புக் கட்டுகளைப் பூப்போல இறக்கி வைப்பான்.

ஒரு காலை, கூண்டுக் கதவைத் திறந்தபோது 'குதி' என்று மனசுக்குள் ஏதோ சொன்னது. கொக்குக்குக் குலை நடுங்கிப்போயிற்று. அன்றிலிருந்து ஏறும்போதெல்லாம் அதே நினைப்பு. ஏணிக் கம்பியில் கை வியர்த்து வழுக்கியது. தூக்கம் போயிற்று.

"என்னன்னு சொல்லவும் மாட்டேங்கறே. வா, டாக்டர்கிட்ட போகலாம்" என்று அக்காதான் மனநல மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நர்ஸ் ஒரு கேள்வித்தாளை நீட்டினாள். தூக்கம், பசி, பயம், சாகும் எண்ணம் என ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லையென்றால் பூஜ்யம், ரொம்ப இருந்தால் மூன்று என்று மதிப்பெண் போட வேண்டும். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், பைத்தியமென்று உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். கொக்கு மளமளவென்று எல்லாவற்றுக்கும் பூஜ்யத்தையே வட்டமிட்டான்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். "இதைப் பார்த்தா என்னைவிட நீங்க நல்லா இருக்கீங்க. அப்புறம் கை ஏன் இப்படி நடுங்குது?"

அவன் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

அவர் அக்காவை வெளியே உட்காரச் சொன்னார். "நேத்து எழுந்ததிலேருந்து என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

சொன்னான். ஏணிவரை வந்ததும் நிறுத்திவிட்டான்.

"மேலே போனா செத்துடலாம்னு தோணுதா?"

தூக்கிவாரிப் போட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தான். "சாக ஆசையில்லைங்க டாக்டர். என்னை நானே தள்ளி விட்டுடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

"காதுல கேக்குற குரலா, உங்க நினைப்பா?"

"நினைப்புதாங்க. என்னைப் பூட்டிடுவீங்களா?"

"மாட்டேன். ஆனா சரியாகுற வரைக்கும் ஏறக் கூடாது. அக்காவுக்கும் இது தெரிஞ்சிருக்கணும், நீங்களே சொல்லிடுங்க."

மாத்திரை, வாராவாரம் டாக்டரோடு பேச்சு என்று போயிற்று. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அதே தாள். இந்தத் தடவை மறைக்காமல் போட்டான். கூட்டினால் பதினொன்று. அவனுக்கு உயிரே போய்விட்டது.

"போன தடவை பூஜ்யம்! முத்திப்போச்சா டாக்டர்?"

"அன்னிக்கு உங்க பயம் பதில் எழுதுச்சு. இன்னிக்குத்தான் நீங்க எழுதியிருக்கீங்க. இனிமேதான் இந்தத் தாளை நம்பி மார்க் ஏறுதா இறங்குதான்னு பார்க்க முடியும்."

இப்போது அவனுக்குக் கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை. "கொக்கு தரையிறங்கிடுச்சுடா!" என்று சிரிக்கிறார்கள், அவனும் கூடச் சிரிக்கிறான். ஆனாலும் ஏணியைத் தாண்டும்போது கால் தானாகவே வேகமெடுக்கிறது.

"இன்னிக்கும் அந்த நினைப்பு வந்துச்சுக்கா," என்று சாயங்காலம் அவனாகவே சொல்வான்.

"ரொம்ப நேரம் இருந்துச்சா?" என்று கேட்டபடி அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள்.