பெரியண்ணனின் சீனா

ஏற்காட்டு மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டில் பெரியண்ணன் வீடு எது என்று கேட்டால், எந்தப் பெரியண்ணன் என்பார்கள். சீனாக்காரப் பெரியண்ணன் என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டிவிடும். மனிதர் அடிவாரம் தாண்டிச் சேலம் போவதே வருஷத்துக்கு நாலு தடவைதான். ஆனால் இலங்கையில் சீனர்கள் துறைமுகம் கட்டியது, லடாக்கில் நம் வீரர்களோடு மோதியது எல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாமே போனில் பார்த்த வீடியோ. மிளகு விலை இறங்கினாலும் சீனா, மிளகுக் கொடி வாடினாலும் சீனா. குறைகுடம் கூத்தாடும் என்று நான் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆனாலும் அவருடைய சந்தேகத்தை வெறுமனே சிரித்துத் தள்ள முடியாது. அவர் சிறுவனாக இருந்தபோது, அப்பாவின் சாமைக் காட்டுக்கு இரண்டு பேர் வந்தார்களாம். நல்லபடியாகப் பேசினார்கள். மோர் வாங்கிக் குடித்தார்கள். நாலு இடத்தில் தோண்டி, மண்ணைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, நம்பர் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது வருஷம் பாக்சைட் வெட்ட லாரி வந்தது. பட்டா இல்லாத காடு என்று சொல்லி அப்பாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது என் வீட்டுக்குப் பின்னால் பெரியண்ணன் வைத்திருக்கும் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கும் பட்டா வந்தபாடில்லை. அதுவும் போனால் அவரும் மனைவி ராசாத்தியும் இந்த வயதில் எஸ்டேட் கூலிக்குத்தான் போக வேண்டும்.

"பையத் தூக்கிக்கிட்டு எவன் வந்தாலும் எனக்கு அந்த லாரிதானுங்க நெனப்பு வருது டீச்சர்" என்பார்.

அப்படிப்பட்டவரின் வேலிக்கு இந்தப் பக்கம், என் வீட்டு வாடகை அறையில், போன தை மாதம் ஒரு சீனப் பெண் வந்து தங்கினாள். பெயர் லியன். முப்பது வயதிருக்கும். சீனர்களுக்கு ஐந்து வருஷம் மூடிக் கிடந்த சுற்றுலா விசா திறந்ததும் வந்திருக்கிறாள். வெளிநாட்டார் தங்கினால் நிரப்ப வேண்டிய படிவத்தை அன்றைக்கே நிரப்பி அனுப்பினேன். யுன்னான் மாகாணம், மலைநாடு, காப்பி விவசாயக் குடும்பம் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

ராசாத்திக்கு அவளைப் பார்த்த நாளே பிடித்துவிட்டது. அறுவடைக் காலம், லியன் கேட்காமலே கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்க இறங்கிவிட்டாள்.

"கையப் பாருங்க டீச்சர். காம்பு ஒடியாம எடுக்குது கண்ணு. காப்பிக் காட்டுல பொறந்த புள்ளைதானுங்க இது."

"காப்பிக் காட்டுல பொறந்தவளுக்கு நம்ம காட்டுல என்ன வேல?" என்றார் பெரியண்ணன்.

சாயங்காலம் காப்பிப் பழம் உலர்த்தும் களத்தில் அவருடைய விசாரணை நடக்கும். நான் நடுவில் மொழிபெயர்ப்பு.

"அவுங்க ஊர்ல காடு யாரு பேர்ல இருக்குதுன்னு கேளுங்க டீச்சர்."

நிலம் ஊருக்குப் பொது, முப்பது வருஷம் பயிர் செய்துகொள்ள உரிமை மட்டும் உண்டு என்றாள் லியன்.

"அப்ப அவுங்களுக்கும் பட்டா இல்லீங்களா?" என்றார்.

இன்னொரு நாள் தன் அம்மாவின் ஊரைப் பற்றிச் சொன்னாள். ஏழ்மையை ஒழிக்கிறோம் என்று அரசாங்கம் அந்த மலையூரையே கீழே இறக்கி, அடுக்குமாடியில் வீடு கொடுத்ததாம். ஆறாவது மாடி. தண்ணீர் வருகிறது, ஆஸ்பத்திரி பக்கம், லிஃப்ட் கூட இருக்கிறது. கோழி மட்டும் வளர்க்க முடியாது. அது நல்லதா கெட்டதா என்று கேட்கச் சொன்னார் பெரியண்ணன். லியன் கல் மேல் கிடந்த என் போனை ஒரு பார்வை பார்த்தாள். வசதியாக இருக்கிறது என்றாள். உடனே இங்கே மழை எத்தனை மாதம் என்று பேச்சை மாற்றினாள்.

"பாத்தீங்களா? எதையோ மறைக்கிறா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவள் சொல்வதை நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் அவள் குளிக்கப் போயிருந்தபோது அறையைப் பெருக்கப் போனேன். கட்டிலுக்குக் கீழே பதினொரு சின்னப் பைகள். எல்லாவற்றிலும் மண். மேலே நம்பர். பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் பெரியண்ணனின் தோட்டம் எல்லை மாறாமல் வரைந்திருந்தது. எழுத்தெல்லாம் சீனம்.

அவளிடமே கேட்டிருக்கலாம். எதையும் நேராகக் கேளுங்கள் என்று எத்தனை பிள்ளைகளைப் படுத்தி எடுத்தவள் நான்! கேட்கவில்லை. போனில் படம் பிடித்துப் பெரியண்ணனுக்கு அனுப்பினேன். பயப்பட வேண்டாம், சும்மா பாருங்கள் என்று வேறு எழுதினேன். அவருக்கு அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

அவர் அடுத்த பஸ்ஸில் ஏற்காடு போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். லியன் எதிரிலேயே, தகவல் கொடுத்தவர் நீங்கள்தானே என்று அவரைக் கூப்பிட்டுத் தோட்டத்தைக் காட்டச் சொன்னார்கள். விசாரணை இரண்டு மணி நேரம். விஷயம் இவ்வளவுதான்: அவள் அண்ணனின் காப்பிச் செடிகள் வெட்டவெளியில் வேரோடு காய்ந்துகொண்டிருக்கின்றன. இங்கே சில்வர் ஓக் நிழலில் கிழட்டுச் செடிகூடக் காய்க்கிறது. மண்ணில் என்ன வித்தியாசம் என்று பார்க்க எடுத்திருக்கிறாள். நோட்டில் இருந்த குறிகள் நிழல் மரங்கள். ஆனால் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் இப்படி மண் எடுக்கக் கூடாது. மண்ணைத் திருப்பிக் கொட்டிவிட்டு மூன்று நாளில் ஊருக்குக் கிளம்பச் சொன்னார்கள்.

லியன் பைகளைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எந்தப் பை எந்த மரம் என்று நோட்டைப் பார்த்து, அந்த மண்ணை அந்தந்த மரத்தடியிலேயே கொட்டினாள். பெரியண்ணன் வேலியோரம் நின்று பதினொன்றையும் பார்த்தார். அன்று முதல் ராசாத்தி அவரோடு பேசவில்லை.

கிளம்பும் நாளில் ராசாத்தி பஸ் ஸ்டாப்புக்கு மிளகுப் பொட்டலம் கொண்டுவந்து லியன் கையில் வைத்தாள். பெரியண்ணனும் வந்து தள்ளி நின்றார். லியன் தானாக அவரிடம் போய்ப் பேசினாள். நான் தமிழில் சொன்னேன்.

"எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. அம்மாவின் குடியிருப்பிலும் இப்படித் தகவல் சொல்வதற்கென்று ஆள் உண்டு. யார் வந்தார், யார் போனார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவருக்குத் திட்டு விழும். என் சித்தப்பாவே நாலு வருஷம் அந்த வேலை பார்த்தார். உங்களுக்கும் மேலே இருந்து உத்தரவு வந்திருக்கும். எனக்குப் புரிகிறது."

பஸ் வளைவில் தெரிந்தது. "ஆமான்னு தலையாட்டிருங்க, போகட்டும்" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. "இல்லீங்க டீச்சர். யாரும் சொல்லலீன்னு சொல்லுங்க. நானாத்தான் போய்ச் சொன்னேன்."

நான் பஸ் வரும் பக்கம் திரும்பினேன்.

"சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். லியன் அவரையே பார்த்தாள். இந்த மூன்று நாளில், அதிகாரிகள் முன்னால்கூட, அவள் முகத்தில் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. மிளகுப் பொட்டலத்தை ராசாத்தியின் கையில் மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் படத்தைச் சன்னல் வழியாகத் தானே எடுத்ததாக அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார் மனிதர். என் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை. நீங்களும் சொல்லுங்கள் என்று இப்போதும் வாய் திறந்து கேட்கவில்லை. கண்டக்டர் மூட்டைகளை ஏற்றி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. லியன் சன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கை எட்டும் தூரம். படம் எடுத்தது நான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.