அக்கா வீட்டு மாடியில் இடி கேட்கும் பெட்டி

செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது சென்னைக்காரர் ஒருவரோடு பழக்கமானது. கம்ப்யூட்டர் வேலைக்காரர். மின்னலை ஒட்டுக் கேட்கும் பெட்டி செய்வது அவருடைய பொழுதுபோக்கு. உலகமெங்கும் அவரைப் போன்றவர்கள் சொந்தக் காசில் மாடியில் பெட்டி வைத்து, அது கேட்பதை இணையத்தில் சேர்க்கிறார்களாம். போனில் வரைபடம் காட்டினார். எங்கெங்கோ புள்ளிகள் குவிந்து கிடந்தன. ஆந்திர எல்லையில் எங்கள் பக்கம் வெறுமையாக இருந்தது.

"எங்க ஊர்ல இடியே விழலையா சார்?"

"விழுது. கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

எனக்குப் பாதிதான் புரிந்தது. எட்டாவதோடு நின்றவன் நான். ஆனால் அவருக்கு வேண்டியது என்னிடம் இருந்தது. ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்களில் பெட்டி வைக்க இடம் தரும் வீடுகள். ஊர்ப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினேன். குப்பம் ஊரில் கிரானைட் அறுத்தேன், ஏர்பேடு பக்கம் செங்கல் சூளையில் கிடந்தேன். எங்கேயும் நிலைக்காதவன் என்று வீட்டில் திட்டினார்கள். நிலைக்காததால்தான் போகிற ஊரிலெல்லாம் சோறு போட ஒரு வீடு இருந்தது.

"இது பொழுதுபோக்குதான். இத நம்பி யாரும் உயிரோட விளையாடக் கூடாது" என்று அவர் சொன்னார். தலையாட்டினேன். அப்போது என் மனசில் அக்கா இருந்தாள்.

அக்கா வரதய்யபாளையத்தை ஒட்டிய ஒரு காலனியில் இருக்கிறாள். மாமா வேர்க்கடலைக் கொல்லையில் இடி விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு மேற்கே கொஞ்சம் கறுத்தால் போதும், அக்கா களைக்கொத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள். பல நாள் தூறல்கூட விழாது. கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். காலனிப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். அக்கா வயசுக்கு அங்கே வேலை இல்லை. கொல்லை வேலையும் போனால் அவளுக்கு ஒன்றுமில்லை. எது வெறும் மேகம், எது இடி மேகம் என்று அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

முதல் பெட்டியை அவள் வீட்டில் வைத்தேன். கம்பி சுற்றிய பிவிசி குழாய் மாடியில், விளக்கு வைத்த பெட்டி உள்ளே.

"இன்னாடா இது, இடி வந்தா கூவுமா?"

"மினுக்கும்க்கா."

மினுக்கியது. நான் வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. "டேய், வெயில் கொளுத்துது, இது மினுக்கிக்கினே கீது. நான் எப்டிடா வெளியில போவேன்?" முன்பு மேகத்துக்குப் பயந்தவள் இப்போது வெயிலுக்கும் பயந்தாள்.

சென்னைக்காரரைக் கேட்டேன். பெட்டிக்குக் கேரளாவில் விழுவதும் கேட்கும், கடலில் விழுவதும் கேட்கும் என்றார். எங்கே என்று ஒரு பெட்டியால் சொல்ல முடியாது. பல பெட்டிகளுக்கு ஒரே மின்னல் முன்னே பின்னே கேட்கும்; அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வரைபடத்தில் புள்ளி விழும். அக்கா வீட்டு இடியைச் சொல்ல அடுத்த ஊர்களில் பெட்டி வேண்டும். இது எனக்கு இன்றைக்கும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அவரிடம் இன்னும் சில பெட்டிகள் வாங்கிக்கொண்டு பழகிய வீடுகளுக்குப் போனேன். குப்பத்தில் என்னோடு கல் அறுத்தவர் இப்போது கேபிள் டிவி நடத்துகிறார். பெட்டியை இடிதாங்கி என்று நினைத்து, வாங்கியதுமே மாடிக்குப் போனார். தாங்காது என்று சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் பழகிய தோஷத்துக்கு வைத்துக்கொண்டார். ஏர்பேட்டில் மெக்கானிக் ஒருவரின் மனைவி வாசலிலேயே மறித்தாள். "இதி பிடுகுனி பிலுஸ்துந்தா?" இடியைக் கூப்பிடுமா என்று கேட்கிறாள். கூப்பிடாது, பிடிக்காது என்றேன்.

"மரி ஏம் சேஸ்துந்தி?" பிறகு என்னதான் செய்யும்?

"விண்டுந்தி." கேட்கும்.

"வினி?" கேட்டு?

நான் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு வழி விட்டாள்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கமும் புள்ளிகள் விழுந்தன. அக்காவுக்குப் போனில் வரைபடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். மேஸ்திரியம்மாவைக் கெஞ்சி, கடலை பிடுங்கும் கூட்டத்தில் அவளையும் சேர்த்துவிட்டேன். எனக்கும் அப்போது வேலை இல்லாததால் மூட்டை தூக்கப் போனேன். மேகம் வந்தால் அக்கா போனை எடுத்துப் பார்ப்பாள். "சும்மா மேகம்தாண்டி, புடுங்குங்க" என்பாள். "ரேடியோக்காரி சொல்லிட்டா" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். மாமா போன பிறகு கொல்லையில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு மத்தியானம் காற்று கிளம்பியது. தூரத்தில் உறுமியது, பிறகு பக்கத்தில். கூட்டம் கடலையைப் போட்டுவிட்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடியது. திரும்பிப் பார்த்தால் அக்கா கொல்லை நடுவில் நிற்கிறாள், போனைப் பார்த்துக்கொண்டு.

"இதுல ஒண்ணும் இல்லியேடா" என்று கத்தினாள்.

நான் போவதற்குள் மேஸ்திரியம்மா அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்தாள். கொட்டகைக்குள் வந்ததும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அப்போ மேகத்தப் பாத்தே ஓடன. இப்போ தலமேல இடிக்குது, நட்டுக்கினு நிக்கற. உன்ன எதுலம்மா சேக்கறது? நீக்கு பிச்சா?" பைத்தியமா உனக்கு என்று கேட்கிறாள். அக்கா போனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டி அணைந்து கிடந்தது. காற்று அடித்தாலே எங்கள் பக்கம் கரண்டை எடுத்துவிடுவார்கள். ஏர்பேட்டுக்குப் போன் செய்தேன், அங்கேயும் இல்லை. மீதிப் பெட்டிகள் போதவில்லையோ என்னவோ. இடி தலைமேல் வரும் நேரம் பார்த்து எங்கள் பெட்டி செத்துவிடும் என்பதை நான் யோசித்ததே இல்லை.

"அப்போ நம்ம பொட்டி யாருக்குடா?"

"தூரத்துல கீறவங்களுக்கு."

"நமக்கு?"

"தூரத்துப் பொட்டிங்க."

"அதுங்க இன்னிக்கு இன்னா பண்ணிச்சிங்க?"

தெரியவில்லை என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரியம்மா வாசலில் நின்றாள். அக்காவைக் கூட்டத்திலிருந்து தள்ளிவிடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அந்தப் போன ஊட்டுலயே வச்சிட்டு வா. நான் ஓடனா ஓடு, நான் நின்னா நில்லு. முடியுமா?" அக்கா முடியும் என்று சொல்லி, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். அதற்குப் பிறகு மேகத்துக்கு அவள் ஓடவில்லை என்று கேள்வி. பயம் போய்விட்டதா, பயப்படும் வேலையை மேஸ்திரியம்மாவிடம் விட்டுவிட்டாளா, எனக்கு விளங்கவில்லை.

பெட்டியைக் கழற்றப் போனேன். அக்கா விடவில்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள்.

நான் ஓசூருக்குக் கோபுர வேலைக்குப் போனேன். ஒரு நாள் இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"டேய், மினுக்குது. ஒங்க பக்கமா?"

"இங்க வெயில்க்கா."

"அப்போ யாரு பக்கம்?"

"தெரியலக்கா."

"இன்னாவோ, நீ எறங்கு" என்றாள்.

வானத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. இறங்கினேன். ஏன் இறங்கினாய் என்று சூப்பர்வைசர் கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தார்.