குழாய்த் துணி

பிரிட்ஜின் பழைய வாட்டர் பில்டரைக் கழற்றி மோந்து பார்த்தேன். சின்ன வயதில் நாங்கள் இருந்த சாஆ எஸ்டேட் லயத்து வீட்டில், தண்ணீரை வடிகட்ட அம்மா குழாய் வாயில் கட்டும் துணியின் அதே சேற்று வாசம்.

அங்கே கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி வீட்டில் மட்டும்தான் பிரிட்ஜ். அவர் மகள், தன் சிநேகிதியான என் தங்கச்சி விமலாவுக்கு மட்டும் ஐஸ் கொடுப்பாள். விமலா அதைக் கடிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் விமலா குழாய்த் துணியை அவிழ்த்துக்கொண்டு கிராணி வீட்டுப் பக்கம் ஓடினாள். விடுவேனா? அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். திரும்பி வந்தவளின் முதுகில் அம்மா இரண்டு வைத்தார். அவள் அழுதுகொண்டே சொட்டுகிற துணியை என்னிடம் நீட்டினாள்.

"உனக்குத்தான்க்கா கொண்டுவந்தேன். உருகிடுச்சு."

உள்ளே நகத்தளவு ஐஸ் மிச்சமிருந்தது. அவளுக்குக் கொடுக்காமல் நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

இன்று சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் விமலா, நான் புது பில்டரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். "எங்க வீட்டுல ஆள் வந்து மாத்திட்டுப் போயிடுவான் லா."

முதல் இரண்டு ஜக் தண்ணீர் புது பில்டரின் கரியோடு வந்தது, கொட்டினேன். மூன்றாவது தெளிவாக வந்ததும் டம்ளர் நிறைய ஐஸ் போட்டுப் பிடித்தேன். அவளுக்குக் கொடுக்கத்தான் பிடித்தேன். நானே குடித்துவிட்டேன்.