கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு வாட்ச்

இரண்டு வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சோழவந்தான் பக்கம் ஒரு ரயில்வே கேட். மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டரில் நான், கையில் என் மனைவியின் போன். அந்தப் பக்கம் என் மனைவி — ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இதில் என்ன பதற்றம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

வளர்மதி ஒத்தக்கடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து இன்சுலின் ஊசியோடு வாழ்பவள். நாற்பதைத் தாண்டிய பிறகு, ஒருநாள் திடீரென்று ஷூ வாங்கி வந்து ஓட ஆரம்பித்தாள். ஓட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது. பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால், ஓடும்போது அவளுக்குச் சர்க்கரை இறங்கும். அதிகம் இறங்கினால் கை நடுங்கும், பேச்சு குழறும், கண் இருட்டும். அதற்கு மேலும் இறங்கினால்... அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

எனவே அவள் இரண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுகிறாள்.

இடது கையில் ஸ்போர்ட்ஸ் வாட்ச். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு வாரம் தாங்கும். வியர்வை சொட்டும் விரலாலும் அமுக்க முடியும் — எல்லாம் பட்டன். தூரம், வேகம், நெஞ்சுத் துடிப்பு, நேற்றைய தூக்கம் வரை சொல்லும். சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் சொல்லாது.

வலது கையில் ஸ்மார்ட் வாட்ச். ஊரில் பாதிப் பேர் கட்டியிருக்கிற வகை. தினமும் சார்ஜுக்கு ஏங்கும். வியர்வை பட்டால் திரை தடுமாறும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, குடும்ப குரூப்பின் காலை வணக்கம் எல்லாம் மணிக்கட்டில் வந்து குத்தும். ஆனால் சர்க்கரை சொல்லும்.

ஒன்றே போதாதா? ஸ்மார்ட் வாட்சை மட்டும் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். நீண்ட ஓட்டத்தின் பாதியில் அது கண்ணை மூடிக்கொண்டது. ஸ்போர்ட்ஸ் வாட்சில் சர்க்கரை வரச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். முடியாதாம். அவள் மேல்கையில் நாணயம் போல ஒட்டியிருந்து சர்க்கரையை அளக்கும் சென்சாரின் ஆப், பெரிய கம்பெனிகளின் ப்ளாட்ஃபார்முக்கு — அவர்கள் வாட்ச் மென்பொருளுக்கு — மட்டும் எழுதப்பட்டது. அவளுடைய ஸ்போர்ட்ஸ் வாட்ச் தனிக்குடித்தனம். அந்த வீட்டுக்குள் வெளியாள் நுழைய முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சென்சார் முதலில் போனிடம் பேசும். போன்தான் ஸ்மார்ட் வாட்சுக்குச் சொல்லும். எனவே போன் அவளுக்குச் சில அடி தூரத்திலேயே இருக்க வேண்டும். இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

“அது இடுப்புல கெடந்து குதிக்குதுங்க. ஓடுறது நானா, அதுவா?”

அதனால் ஞாயிறுதோறும் அவள் ஓட, பின்னாலேயே நான் ஸ்கூட்டரில் போவேன். பையில் போன், குளுக்கோஸ் பாக்கெட், தண்ணீர். பெட்ரோல் போட்டு ஓடும் ப்ளூடூத் — அதுதான் என் உத்தியோகம்.

அன்றைக்கு அவள் கால்களில் காற்று புகுந்திருந்தது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் வெற்றிலைக் கொடிக்காலின் பச்சை இருட்டு, நடுவில் அவள். இவ்வளவு வேகமாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை. எதிரே ரயில்வே கேட். மணி அடித்தது. கேட் இறங்க ஆரம்பித்தது.

ஓடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, தெரியுமா? நிற்க மாட்டார்கள். நின்றால் ஆவரேஜ் போய்விடும். சிக்னலில்கூட நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பார்களே... அந்த வியாதிதான். வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். 118 — நல்ல எண். தலையைக் குனிந்து, இறங்கும் கேட்டுக்கு அடியில் புகுந்து போய்விட்டாள்.

எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். கேட் முழுசாக இறங்கிவிட்டது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு பையிலிருந்து அவள் போனை எடுத்துப் பார்த்தேன். ‘சென்சார் சிக்னல் இல்லை.’

அப்போதுதான் உறைத்தது. போன் என்னிடம். குளுக்கோஸ் என்னிடம். அவள் கையிலிருக்கும் வாட்சில் இனி புது எண் வராது. கடைசியாக வந்த 118 மட்டும் அப்படியே நிற்கும். எவ்வளவு நேரத்துக்கு முந்தைய எண் என்பது ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். ஓடுகிறவள் எறும்பைப் பார்ப்பாளா?

பதற்றத்தில் என் போனை எடுத்து அவள் நம்பருக்கு அடித்தேன். என் இன்னொரு கையில் மணி அடித்தது.

டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்தார். “என்னண்ணே, ஒங்களுக்கு நீங்களே போன் போட்டுக்கிறீக?”

கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி, பெட்டி, பெட்டி... முடிகிற மாதிரி தெரியவில்லை. ஒருவழியாக அதன் வால் கடந்தது. கேட்டைத் தூக்கவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, குளுக்கோஸை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

“போகாதீக. எதிர்லைன்ல இன்னொண்ணு வருது.” டிராக்டர்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். “அப்பிடி என்ன அவசரம்?”

என்னவென்று சொல்வது? என் மனைவி நன்றாக இருப்பதாக ஒரு வாட்ச் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றா? அது பொய்கூட இல்லை. பழைய உண்மை. பொய்யைவிடப் பழைய உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும் என்று அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது ரயிலும் போனது. கேட்டைத் தூக்கினார்கள். ஸ்கூட்டரை முறுக்கினேன். சாலை காலியாக இருந்தது. வாய்க்கால் பாலம் — இல்லை. தென்னை நிழல் — இல்லை. வரப்பில் அவள் டி-ஷர்ட் போல ஏதோ சிவப்பாகத் தெரிந்ததும் பிரேக் அடித்தேன். காய வைத்த துணி.

அப்புறம் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் வளர்மதி. மடியில் சீனி டப்பா. உதடு, கன்னம், டி-ஷர்ட் எல்லாம் சீனி.

டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். “அண்ணே, ஒங்க வீட்டுக்காரவுகளா? டப்பாவ இழுக்குறாக. நானும் இழுக்குறேன். விட மாட்டேங்குறாக.”

நான் பக்கத்தில் போன அந்த நொடி, பையிலிருந்த போன் சென்சாரைக் கண்டுபிடித்து அலறியது. 54. சிவப்பில். எங்கள் கண் முன்னால் வலது கையில் இருந்த 118 அழிந்து 54 ஆனது. இடது கை வாட்சும் சும்மா இருக்கவில்லை. பீப் என்று ஒரு சத்தம் போட்டுக் கேட்டது: ‘ஓட்டம் நின்றுவிட்டது. தொடரலாமா?’

குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து அவளுக்குக் கொடுத்தேன். நடுக்கம் மெல்ல அடங்கியது. பிறகு சொன்னாள்: “கழிக்க வரலங்க.”

அவளுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஸ்போர்ட்ஸ் வாட்ச் பீப் அடிக்கும். உடனே அந்தக் கிலோமீட்டருக்கு ஆன நேரத்திலிருந்து முந்தையதை மனதுக்குள் கழித்துப் பார்ப்பாள். டீச்சர் புத்தி. கேட்டைத் தாண்டியபின் பீப் அடித்திருக்கிறது. கழித்திருக்கிறாள். வரவில்லை. மறுபடி முயன்றிருக்கிறாள். எண்கள் வழுக்கியிருக்கின்றன.

“வலது கையப் பாத்தேன். 118. சரியாத்தான இருக்குன்னு தோணுச்சு. ஆனா, கழித்தல் வராம எனக்கு எப்பிடி சரியா இருக்கும்? அப்பத்தான் இந்தக் கடை கண்ணுல பட்டுச்சு.”

கடைக்கு வந்தவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வந்திருக்கிறது. “சீனி.”

மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். ஷூ, வியர்வை, இரண்டு கையிலும் வாட்ச். சீனி இல்லாத டீயை ஆற்றி நீட்டிவிட்டார்.

“நான் என்னண்ணே பண்ண?” என்றார் என்னிடம். “இப்பிடி ஷூ போட்டு வாரவுக ஒருத்தர்கூட சீனி கேட்டதில்ல. வேணாம்னு சொல்லத்தான் அந்தப் பேரையே எடுப்பாக. இவுக டீயத் தள்ளிவிட்டுட்டு டப்பாவுல கைய விட்டா... நான் என்னண்டு நெனைக்க?”

அவரைக் குறை சொல்ல முடியுமா? அவரும் பழைய கணக்கை வைத்துத்தான் புது ஆளைப் பார்த்தார்.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் சொன்னேன்: “போதும் மதி. இனி ஓட வேண்டாம்.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாட்ச் ரெண்டும் பேசிக்காதுன்னா, நான் ஏங்க நிக்கணும்?”

அன்று சாயங்காலம் பாண்டி வந்தான். திருமங்கலத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். வளர்மதியின் ஓட்ட நண்பர்களில் அதிவேகக்காரன், ஸ்போர்ட்ஸ் வாட்ச் பைத்தியம். நடந்ததைக் கேட்டு முகம் வெளுத்தவன், வாட்ச் பேச்சு வந்ததும் நிமிர்ந்துவிட்டான்.

“அதுக்காக நம்ம வாட்சக் கொண்டுபோயி பெரிய கம்பெனி ப்ளாட்ஃபார்ம்ல சேக்கணுமா மாப்ள? வேணவே வேணாம். அவன் மாடில குடியிருந்தா, அவன் மோட்டார் போடுற நேரத்துலதான் நீ குளிக்கணும். இன்னைக்கு ரெண்டு வாரம் நிக்கிற சார்ஜ், நாளைக்கு ரெண்டு நாள் நிக்காது. நாளன்னிக்கு அவன் ரூல மாத்துவான். ஒன் வாட்ச் வெறும் வளையலு.”

சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. ஏனென்றால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வாட்சின் அருமையே அது வேறு யாரிடமும் கை கட்டி நிற்காததுதான். ஓடும்போது அதற்கு ஜவுளிக்கடையும் தெரியாது, குடும்ப குரூப்பும் தெரியாது. அன்றைக்கு அவளைக் காப்பாற்றியதும் அதன் பீப்தானே?

ஆனாலும் கேட்டேன்: “சரி பாண்டி, ஒன் வீடு தனி வீடுதானே?”

“ஆமா, சொந்த வீடு.”

“கரண்டும் சொந்தமா தயார் பண்றியா? தெருவுல போற பொதுக் கம்பியிலருந்துதானே இழுத்திருக்க?”

வளர்மதி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: “அண்ணே, டீக்கு சீனி போடவா, வேண்டாமா? வாயத் தொறந்து முழுசாச் சொல்லிருங்க.”

இதுதான் வாசகர்களே, என் கட்சி. ஸ்போர்ட்ஸ் வாட்ச் செய்கிறவர்கள் பெரிய கம்பெனியின் மாடிக்குக் குடிபோக வேண்டாம். பட்டன் இருக்கட்டும். இரண்டு வாரச் சார்ஜ் இருக்கட்டும். ஆனால் தெருவில் போகிற கம்பியிலிருந்து ஒரு லைன் இழுக்கக்கூடவா மனசு வராது? ஊர் பூராவும் எழுதி வைத்திருக்கிற ஆப்களில் உயிர் காக்கிற ஒன்றையாவது உள்ளே விடக்கூடாதா? பெரிய கம்பெனிகளுக்கும் ஒரு கேள்வி — ஒரு எண்ணைப் பக்கத்து வீட்டு வாட்சுக்குக் கொடுத்தால் உங்கள் கிணறு வற்றிவிடுமா?

தனியாக நிற்பது கம்பீரம்தான். ஆனால் இரண்டு கம்பீரங்களுக்கு நடுவில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இந்த ஞாயிறும் போனோம். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அதே சாலை. அதே கேட். மணி அடித்தது. கேட் இறங்க ஆரம்பித்தது. என் கை பிரேக்கை இறுக்கியது...

நின்றாள். குதிக்கக்கூட இல்லை. சும்மா நின்றாள். இடது கை வாட்ச் பீப் அடித்துக் குறைப்பட்டுக்கொண்டது.

“ஆவரேஜ் போச்சு,” என்றாள் மூச்சு வாங்க.

ரயில் போகும் வரை பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் அவள் இடுப்பைக் கவனித்தேன் — சின்னத் துணிப் பை, அதில் ஒரு பொட்டலம். போன் இன்னும் என்னிடம்தான், குதிக்குமாம். பொட்டலம் மட்டும் குதிக்காதாம்.

சீனி. சார்ஜ் வேண்டாம், அப்டேட் வேண்டாம்... எல்லா ப்ளாட்ஃபார்மிலும் வேலை செய்யும்.