மூன்று புகார் விதி

டெல்லி மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வரும் எங்கள் ஜோதிலிங்கத்துக்கு ஆபீஸில் ‘பூட்டு மாமா’ என்று பெயர். அரசு அலுவலகக் கணினிகளுக்கென்று நாங்கள் தயாரிக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில், புதுப் பதிப்பு வெளிவருவதற்கு முன் ஆறு வாரம் ஃப்ரீஸ் உண்டு. அந்த நாட்களில் எந்த மாற்றமும் உள்ளே போகாது. அதற்கு அவர்தான் காவல்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருடம் முன்பு, யாரோ கெஞ்சினார்கள் என்று ஃப்ரீஸில் ஒரு சின்னத் திருத்தத்தை அனுமதித்தார். மறுநாள் எண்ணூறு கணினிகள் எழுந்திருக்கவில்லை. பெரிய அதிகாரி முன்னால் அரை மணி நேரம் நின்று திட்டு வாங்கினார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? அதன்பின் அவரே ஒரு விதி எழுதினார்: மூன்று அலுவலகங்களிலிருந்தாவது புகார் வந்தால்தான் ஃப்ரீஸில் திருத்தம்.

இந்த மார்ச்சில் சிவஞானத்தின் புகார் வந்தது. அவர் தகுதிகாண் காலத்தில் இருந்த கிளார்க், கண் தெரியாதவர். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், எங்கள் போன மாத அப்டேட்டுக்குப் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டது. நான் பார்த்தேன். நான்கு வரி நிரலில் சரிசெய்துவிடலாம். ஜோதிலிங்கத்திடம் கொண்டுபோனேன்.

“ஒரு புகார்தானேம்மா மேகலா. மூணு வரட்டும்.”

“எல்லா ஆபீஸையும் சேர்த்தே, இதை வச்சு வேலை பார்க்கறவர் அவர் ஒருத்தர்தான் சார். இன்னும் ரெண்டு பேருக்கு நான் எங்க போவேன்?”

“விதின்னா எல்லாருக்கும்தான். ஆறு வாரத்துல ஒண்ணும் குடிமுழுகிடாது.”

எனக்கு வந்த கோபத்துக்கு டீ கிளாஸை எறிந்திருப்பேன். ஆனால் அவர்மேல் மட்டும் கோபப்பட்டு என்ன? கூட்டத்தில் அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

சிவஞானம் வாரம் ஒருமுறை போன் செய்தார். “ஃபைல் எல்லாம் தேங்குது மேடம். பக்கத்து சீட்டுக்காரர் படிச்சுக் காட்டி எத்தனை நாள் ஓட்டறது? ஏப்ரல் பதினஞ்சு கன்ஃபர்மேஷன்.”

ஃப்ரீஸ் முடிவது ஏப்ரல் இருபத்திரண்டு. இரண்டு தேதியையும் ஜோதிலிங்கத்திடம் சொன்னேன். காலண்டரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அனுமதிக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி முதல் வேலையாக அந்த நான்கு வரியை அவரே உள்ளே போட்டார். எங்கள் வழக்கப்படி, புகார் செய்தவர் சோதித்துச் சரியென்று சொன்னால்தான் புகாரை மூட முடியும். அதனால் சிவஞானத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சிவஞானம், மெஷினை அப்டேட் பண்ணிட்டு, பேசுதான்னு சொல்லுங்க. அப்பத்தான் புகாரை மூட முடியும்.”

“எங்கிட்ட மெஷின் இல்லை சார். போன வாரம் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. வேலை சரியில்லைன்னு எழுதியிருக்காம். லெட்டரைப் பக்கத்து வீட்டம்மாதான் படிச்சுச் சொன்னாங்க.”

ஜோதிலிங்கம் திரையில் திறந்திருந்த புகாரைப் பார்த்தார். சிவஞானமே கேட்டார். “நான் சரின்னு சொன்னாத்தான் மூட முடியுமா சார்?”

“ஆமா.”

“அப்ப மூடிக்குங்க. சரியாயிடுச்சு.”