மூடுபனிக்கு எத்தனை மதிப்பெண்

புதுமையான வகுப்பறைத் திட்டம் ஒன்றுக்குக் கல்வித் துறையில் ஆண்டுதோறும் ஒரு மானியம் கொடுத்துவந்தார்கள். விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலை எனக்கு வந்தது 1977இல், கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், ஓண விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த பிறகு. தேதிகளில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. திருவனந்தபுரத்தின் எந்த வீதி எந்தத் திவான் காலத்தில் வெட்டப்பட்டது என்பதை யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கிவிடுவேன். அதனாலேயே என்னை எந்தக் குழுவிலும் சேர்த்துக்கொள்ள யாரும் ஆசைப்பட்டதில்லை. இந்த மூவர் குழுவில் சேர்த்ததற்குக் காரணம் வேறு. நான் கோட்டைக்குள் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர். தமிழில் விண்ணப்பம் வந்தால் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

மற்ற இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியர். மலையாளத்தில் தொடங்குவார், என்மேல் இரக்கப்பட்டுப் பாதியில் தமிழுக்கு வருவார், கோபம் வந்தால் இங்கிலீஷுக்குப் போய்விடுவார். இன்னொருவர் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. எல்லாரையும் போல நாங்களும் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் பேசுவார். எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது.

தம்பானூரில் ஓர் அலுவலகத்தின் மாடி அறையைக் கொடுத்திருந்தார்கள். பஸ் நிலையம் எதிரேயே இருந்ததால், நெடுமங்காடு, நெய்யாற்றின்கரை என்று கண்டக்டர்கள் கூவுவதற்கு நடுவேதான் நாங்கள் கல்வியைச் சீர்திருத்த வேண்டியிருந்தது. அங்கே ஒரு முறை இருந்தது. முதலில் மூவரும் தனித்தனியாகப் புதுமை, பயன், நேர்த்தி மூன்றுக்கும் பென்சிலில் மதிப்பெண் போட வேண்டும். கூட்டிப் பார்த்து, பேசி முடித்த பிறகு அதன்மேல் பேனாவால் எழுத வேண்டும். பேனா பட்டுவிட்டால் பிறகு மந்திரி வந்தாலும் மாற்ற முடியாது. முடிவைத் தபாலில்தான் அறிவிக்க வேண்டும், வாயால் சொல்லக்கூடாது என்று முதல் நாளே எங்கள் மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

தும்பாவில் ராக்கெட் விடத் தொடங்கிப் பல வருஷமாகியும் நம் ஆசிரியர்களின் கற்பனை அதிலிருந்து இறங்கவில்லை. விண்ணப்பங்களில் பாதி ராக்கெட். அட்டை ராக்கெட், தகர ராக்கெட், தென்னம்பாளை ராக்கெட். ஒன்றில் ராக்கெட்டுக்குள் ஒரு கோழிக்குஞ்சும் போவதாக இருந்தது.

"அது திரும்பி வருமோ?" என்று கேட்டார் டீச்சர்.

பேராசிரியர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "திரும்பி வரச் செலவு எழுதியிட்டில்லா. போகச் செலவு மாத்திரமே உள்ளு."

விழிஞ்ஞத்திலிருந்து ஒருவர் மீனை நறுக்கிப் பின்னம் சொல்லித்தரும் திட்டம் அனுப்பியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் வருஷம் முழுக்கத் தினமும் ஒரு நெய்மீன், அதாவது முழு வஞ்சிரம், கேட்டிருந்தார். அரை, கால், அரைக்கால் எல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு அந்த மீன் எங்கே போகும் என்று டீச்சர் கேட்டார். பௌதிகத்தில் அதற்கு விடை இல்லை என்றார் பேராசிரியர்.

கடைசியில் இருவரை மட்டும் நேரில் வரச் சொன்னோம். ஒருவர் நகரப் பள்ளி ஒன்றின் ஆசிரியர். அவருடையதும் ராக்கெட்தான், தெர்மோகோல் ராக்கெட். ஆனால் விண்ணப்பம் டைப் செய்யப்பட்டிருந்தது, மூலையில் நீல ரிப்பன் கட்டியிருந்தது, கணக்கு சரியாக இருந்தது. இன்னொருவர் போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர். தமிழில் வந்த ஒரே விண்ணப்பம் அவருடையது. அதை நான்தான் உரக்கப் படித்து மற்ற இருவருக்கும் மலையாளத்தில் சொன்னேன்.

அவர் எழுதியிருந்தது இதுதான். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை தொடங்கினால் மலையில் மூடுபனி இறங்கும். அப்போது தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் லயங்களை, அந்த வரிசை வீடுகளை, விட்டு வெளியே வருவதில்லை. பள்ளி வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கும். பனி இருப்பதால் வராத பிள்ளைகளைப் பனிக்காகவே வரவைக்க வேண்டும். லயத்திலிருந்து பள்ளிவரை அளந்து கம்பம் நட்டு, எண் எழுதி, கயிறு கட்டிவிட்டால், பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து, இன்று எத்தனையாவது கம்பம்வரை தெரிகிறது என்று தினமும் கரும்பலகையில் எழுதுவார்கள். அளவு, கணக்கு, வரைபடம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். தன் வேலை தற்காலிகமானது, இந்தப் பள்ளி ஆண்டோடு முடிகிறது, ஆகவே இந்தப் பனிக்காலத்தை விட்டால் தனக்கு வேறு பனிக்காலம் கிடையாது என்று முடித்திருந்தார்.

நேரில் வந்தபோது மெலிந்த இளைஞராக இருந்தார். பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே கொளுத்தும் வெயிலைக் காட்டினார்.

"இவிடெ மூடல்மஞ்ஞு இல்லல்லோ. எங்ஙனெ செய்து காணிக்கும்?"

"சார் கண்ணாடியக் கழட்டுங்க. அதுதான் சார் மூடுபனி."

எங்களை நீண்ட வராந்தாவின் ஒரு முனையில் நிறுத்தினார். அலுவலகத்தில் மாட்டியிருந்த குடைகளையெல்லாம் எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டையைச் செருகி, வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவது குடைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"சாருக்குக் கடும் பனி" என்று சுவரில் சாக்கட்டியால் குறித்தார் இளைஞர்.

டீச்சரும் கண்ணாடியைக் கழற்றினார்; அவருக்கு நான்காவது குடைவரை தெரிந்தது. "டீச்சருக்கு நடுத்தரம்."

எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி படிப்பதற்கு மட்டும்தான். கடைசிக் குடையும், அதற்கப்பால் ரயில் நிலையத்துக் கடிகாரமும் தெளிவாகத் தெரிந்தன.

"சாருக்கு நல்ல வெயில்" என்றார். "சாரெல்லாம் லீவு போடவே முடியாது."

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைகளிலிருந்து குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்முடைய குடைகளை அடையாளம் கண்டுகொண்ட சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இருவரையும் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் பென்சிலை எடுத்தோம். யாருக்குப் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்கள் முகத்திலும் இல்லை. டீச்சர் மூன்று தாள்களையும் வாங்கிக் கூட்டினார். மறுபடி கூட்டினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"ராக்கெட்" என்றார்.

"எந்து ராக்கெட்?"

"ராக்கெட்டுக்குத்தான் முதல் இடம். மஞ்ஞு ரெண்டாவது."

எதிரே ஒரு கண்டக்டர் ஆற்றிங்ஙல், ஆற்றிங்ஙல் என்று கூவிக்கொண்டிருந்தார். பேராசிரியர் என் தாளை இழுத்துப் பார்த்தார்.

"புதுமைக்கு இத்தர குறைவோ? சாருக்கு இஷ்டப்பட்டில்லே?"

"வானிலைக்காரர்களும் கலங்கரை விளக்கத்துக்காரர்களும் ரொம்ப நாளா இப்படித்தான் அளக்கறா. நானே வாசிச்சிருக்கேன். அதனால முழுப் புதுமைன்னு சொல்ல முடியலை" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பதிலுக்கு அவர் தாளைப் பார்த்தேன். "நீங்க மட்டும் என்ன? பயனுக்கு இவ்வளவுதானா?"

"வரைபடத்தில் அலகு எழுதியிட்டில்லா" என்றார் பேராசிரியர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"டீச்சர்?"

"அடித்தல் திருத்தல் கூடுதல்."

மூன்று காரணங்களும் நல்ல காரணங்கள். மூன்றையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவற்றின் லட்சணம் தெரிந்தது. டீச்சர்தான் முதலில் பொறுமை இழந்தார்.

"எனக்கு வய்யா, இனி முடியாது! நான் உள்ளதைச் சொல்றேன். அவன் எனக்கக் கிட்ட படிச்ச பையன். நெடுமங்காட்டுல ஒன்பதாம் கிளாஸ். உள்ளே வந்தப்பவே தெரிஞ்சது. அவனுக்கும் தெரிஞ்சிருக்கும், சிபாரிசுன்னு நினைச்சிடுவாங்கன்னு ஒரு சிரிப்புகூடச் சிரிக்கல்ல, பார்த்தீங்களா? என் மாணவன்னு கூடுதல் போட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அதான் குறைச்சேன்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு மேலேயே துடைத்தார்.

"என்டெ வீடு விதுரயிலாணு" என்றார் கடைசியில். போனக்காட்டு மலைக்குக் கீழே இருப்பதுதான் விதுரை. "அது என்டெ மலையல்லே. சொந்த நாட்டுக்காரனுக்குக் கொடுத்துன்னு ஆளுகள் பறயும்னு நினச்சு ஞான் கொறச்சு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னுடையதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தமிழ் விண்ணப்பம், தமிழ் ஆசிரியர், தமிழ் நடுவர். எல்லாரும் என் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று நினைத்தே கலங்கரை விளக்கத்தைத் துணைக்கு அழைத்திருந்தேன்.

ஆக, மூவருக்கும் வேண்டியவர் என்ற ஒரே குற்றத்துக்காக மூவரும் அவரைத் தண்டித்திருந்தோம். எங்களில் யாருக்கும் வேண்டியவராக இல்லாத ராக்கெட்காரருக்கு மட்டும் நியாயமான மதிப்பெண் கிடைத்திருந்தது. தோற்றவருக்குக் கிடைத்ததைவிட அதிக நீதி அவருக்குக் கிடைத்திருந்தது.

"வேறு ஆளைக் கொண்டு மார்க் போட வைக்கலாமே" என்றேன்.

"யாரை? அவனைத் தெரியாத ஆள் இந்தக் கட்டிடத்துல ராக்கெட்காரர் ஒருத்தர்தான்" என்றார் டீச்சர். "குமாஸ்தாக்கள்கூட இப்ப அவன் கட்சி. பேனா படல்லேல்லோ? பென்சில்தானே? மாயிச்சுட்டு மனசில் தோணினதைப் போடுங்க. யாரும் யாருக்கும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஒரே ஒரு ரப்பர்தான் இருந்தது. டீச்சர் அழித்துவிட்டுப் பேராசிரியரிடம் கொடுத்தார். அவர் அழித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நானும் அழித்தேன். குடைகளுக்கு முன்னால் நின்றபோது என்ன நினைத்தேனோ அதை எழுதினேன். ஆனாலும் கலங்கரை விளக்கத்துக்காக ஒரே ஒரு மதிப்பெண் குறைத்தேன். அது உண்மையிலேயே பழைய முறைதான். டீச்சர் கூட்டினார். ராக்கெட் தன் பழைய மதிப்பெண்ணிலேயே நின்றது. பனி அதற்கு வெகு மேலே போயிருந்தது. மூவரும் பேனாவை எடுத்தோம்.

கீழே இறங்கியபோது ராக்கெட்காரர் போய்விட்டிருந்தார். போனக்காட்டு ஆசிரியர் மட்டும் படியடியில் நின்றிருந்தார்.

"சார், முடிவு தபால்லதான் வரும்னு தெரியும். நான் அதக் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. சாலை பஜாருக்குப் போய்க் கயிறு வாங்கட்டுமா, வேண்டாமா? கைக்காசுதான் சார், கிடைக்கலன்னா எனக்குத் தாங்காது. இப்ப வாங்காமப் போனா நான் மறுபடி இறங்கி வாரதுக்குள்ள துலாவர்ஷம் தொடங்கிரும்."

எங்கள் மூவருடைய கையெழுத்தும் மாடியில் ஒரு தாளில் இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பேராசிரியர் பஸ் நிலையத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"மலைக்குக் கயறு வாங்ஙும்போள் தேங்ஙாநாரு வேண்டா, கேட்டோ. நனஞ்சா சுருங்கும், அளவு தெற்றிப்போகும். நைலான் வாங்ஙியா மதி."

"சாரே! ரிசல்ட் சொல்லமாட்டோம்னு கையொப்பு இட்டதல்லே?" என்றார் டீச்சர்.

"ஞான் ரிசல்ட் ஒண்ணும் பறஞ்ஞில்லல்லோ. கயறின்டெ காரியமல்லே பறஞ்ஞது?"

"அப்படியா? அப்ப நானும் பெயிண்டின் காரியம் சொல்றேன்." டீச்சர் இளைஞரைப் பார்த்துத் திரும்பினார். "எலே, கம்பத்துக்கு வெள்ளை அடிச்சுடாத. மஞ்ஞுல ஒண்ணும் காணாது. கறுப்பு வாங்கு. ஒன்பதாம் கிளாஸிலயும் நீ இப்படித்தான், யோசிக்காம அடிப்பே."

அந்த இளைஞர் அன்று முதல் தடவையாக டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்.

என் பங்குக்கு, கயிற்றுக் கடைக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், அந்தச் சந்து எந்த மகாராஜா காலத்தில் வந்தது என்று நான் சொல்லத் தொடங்கினேன். சந்து வரைக்கும் கேட்டுக்கொண்டார். மகாராஜாவுக்கு வருவதற்குள், "வாரேன் டீச்சர், வாரேன் சார்" என்று சாலை பஜார் பக்கம் ஓடிவிட்டார்.