வடிவின் கரம்பை மண்

சண்முகவடிவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். பூமி அதிராமல் நடக்கிறவள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், மாமியார் வாயால் நல்ல பேர் வாங்கியவள். சொன்னவர்களில் ஒருத்தருக்கும் அவளைத் தெரியாது. வாசலில் நின்று கத்துகிறவளுடைய கோபம் வாசலோடு போய்விடும். வடிவு தன் கோபத்தை ஊறுகாய் ஜாடி மாதிரி வேடு கட்டி வைத்திருந்தாள். வருஷம் ஏற ஏற அதற்குக் காரம் கூடியதே தவிர ஒரு பொட்டும் குறையவில்லை.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் இறங்கி, ஓடையைத் தாண்டி உள்ளே நடந்தால் அந்த வீடு வரும். முன்வாசலில் இரண்டு வேம்பு, பக்கத்தில் கிணறு, பின்னால் மாட்டுத் தொழுவம், அதையொட்டி வைக்கோல் படப்பு. அண்ணன் தம்பி இருவரும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற வீடு. மூத்தவர் ராமசுப்பு, அவர் சம்சாரம் தங்கச்செல்வி. இளையவன் பொன்ராஜ், அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வடிவு. நிலம், மாடு, வண்டியெல்லாம் ராமசுப்பு கையில். பொன்ராஜ் மிளகாய் வத்தல் மூட்டைகளோடு விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் அலைகிறவன். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டி அவனுக்குப் பழக்கமில்லை.

ஆனி மாதம் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்களுக்கு நிமிர நேரமிருக்காது. கிணற்றுத் தண்ணீர் அடித்தரையைத் தொட்டுக் கிடக்கும். இருட்டு பிரியுமுன் போனால்தான் இரவெல்லாம் ஊறிய தண்ணீர் கிடைக்கும்; கொஞ்சம் அசந்தால் வாளியில் சேறுதான். கயிற்றை இழுத்து இழுத்து வடிவின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அப்புறம் வேம்புக்கு அடியில் குனிந்து வேப்பமுத்துப் பொறுக்க வேண்டும், மோர் மிளகாயை வெயிலுக்கு நகர்த்த வேண்டும், ஆடு கடிக்காமல் பார்க்க வேண்டும், கேப்பைக் கூழைக் கிண்டி ஆண்களுக்கு முன்னால் வைக்க வேண்டும். மேல்காற்று அடித்துச் செம்மண் புழுதியைக் கூழிலும் கொண்டுவந்து போடும்.

ஆண்களுக்கு அந்த மாதம் ஒரே ஒரு வேலை, கரம்பை அடிப்பது. கண்மாய் காய்ந்து வெடித்ததும் அடியில் படிந்திருக்கிற வண்டல் மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றிப் புஞ்சையில் கொட்டுவார்கள். ஊர்க்கட்டுப்பாட்டில் வீட்டுக்கு ஒரு நாள் முறை உண்டு. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் எத்தனை நடை அடிக்க முடிகிறதோ அது அந்த வீட்டுக்கு. அடுத்த நாள் அடுத்த வீடு. மழை விழுந்தால் எல்லாம் முடிந்தது. ராமசுப்புவுக்கு அந்த மண் மேல் பைத்தியம். கட்டியை உடைத்து மோந்து பார்ப்பார், நுனி நாக்கில் வைத்தும் பார்ப்பார். வருஷா வருஷம் வந்ததையெல்லாம் மேலப்புஞ்சையில்தான் கொட்டினார். அந்தப் புஞ்சை கறுத்து மினுங்கியது.

எண்பத்து நாலாம் வருஷத்து ஆனியில் வடிவுக்குக் கைப்பிள்ளை. பெண். "ஆடி பெறக்கப் போகுது, ஆவணியில பேரு வப்போம்" என்று மாமியார் சொல்லிவிட்டதால் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். வடிவு மட்டும் பால் கொடுக்கும்போது ஆள் இல்லாத நேரம் பார்த்து, காதோரம் குனிந்து "தீபலட்சுமி" என்று கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

அவர்கள் வீட்டு முறை நாளன்று பிள்ளைக்கு விடியலிலிருந்தே வாந்தியும் பேதியும். பொன்ராஜ் விருதுநகரில். வெயில் ஏறுவதற்குள் பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது, அழக்கூடச் சத்தம் வரவில்லை. லோடு வண்டி கண்மாயிலிருந்து முன்வாசல் வழியாகத்தான் புஞ்சைக்குப் போகும். வடிவு பிள்ளையோடு பாதையில் போய் நின்றாள். அதுவரைக்கும் மூத்தாருக்கு எதிரே நின்று அவள் பேசியதே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்செல்வியிடம் சொல்வதோடு சரி.

"அத்தான், பாப்பாவுக்குக் கண்ணு சொருகுது. வண்டியில போனா திருச்சுழி ஆசுபத்திரிக்குப் போயிறலாம்."

ராமசுப்பு மாட்டை நிறுத்தக்கூட இல்லை. "வழிய விடு. வண்டியில மண்ணு இருக்கு, பாக்கலையா? கொட்டிட்டு வாரேன், செத்த இரு."

அவள் இருந்தாள். வேம்பு நிழலில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் வண்டி ஓடைக்கரை வழியாகக் கண்மாய்க்கே திரும்பிப் போவது தெரிந்தது. லோடு இல்லாவிட்டால் அந்தக் குறுக்குப் பாதையில் போகலாம். புழுதி எழும்பி அடங்கியது. அதற்கு மேல் காத்திருக்காமல் பிள்ளையைச் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு ரோட்டுக்கு நடந்தாள். ரோட்டோரப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வந்தபோது ஏறவேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது.

சாவு யாருக்கும் வரும், அதைக்கூட வடிவு பொறுத்திருப்பாள். பிள்ளையை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்து, குளித்த ஈரம் காயுமுன் ராமசுப்பு பக்கத்து வீட்டு அருஞ்சுனையைக் கூப்பிட்டுப் பேசியதை அவள் உள்ளே படுத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு இன்னிக்கு அரை நாளு போயிருச்சு, பாத்துக்க. நாளைக்குக் காலம்பற உன் முறையில பாதி குடு."

துக்க வீட்டுக்காரன் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? மறுநாள் விடியவும் வண்டி முன்வாசல் வழியாக மண்ணோடு போனது. வடிவு எழுந்து போய்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். இந்த ஆளுடைய வயிறு எரிய வேண்டும், அதை நான் நின்று பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் முடிவெடுத்தாள். அழுகிறவளைத் தேற்ற வந்த பெண்கள், அவள் அழாமல் பானையைக் கழுவுவதைப் பார்த்து, கெட்டிக்காரி, சீக்கிரம் தேறிவிட்டாள் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஹரி பிறந்தான். மாமனார் போனார், மாமியார் போனார். தொண்ணூற்று ஒன்றில் பங்கு பிரிக்க வேம்படியில் பெரியவர்கள் கூடினார்கள். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வைக்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று யாரோ நல்ல மனுஷன் கண்டுபிடித்தது. ராமசுப்பு அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். முன்வீடு, கிணறு, வேம்பு, சரள் விழுந்த கீழக்காடு, இவையெல்லாம் ஒரு பங்கு. மாட்டுத் தொழுவமும் படப்படியும் மேலப்புஞ்சையும் இன்னொரு பங்கு. கோடையில் கயிறு இழுத்துச் சாகிற எந்தப் பொம்பளை கிணற்றை விடுவாள்? பொன்ராஜ் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துத்தான் எடுப்பான். கிணறு அவர்களுக்கு, மேலப்புஞ்சை தனக்கு. இதுதான் கணக்கு. அந்தத் தைரியத்தில் கூட்டத்தில் இன்னொன்றும் சொல்லிவைத்தார்.

"புஞ்சைக்குப் போற வண்டிப்பாதை முன்வாசல் வழியாத்தான். வீட்டை எடுக்கிறவுக அதை என்னிக்கும் மறிக்கக் கூடாது. இப்பவே பேசிருவோம்."

பெரியவர்கள் சரி என்றார்கள். பொன்ராஜ் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து வடிவு, "மேலப்புஞ்சை" என்றாள்.

ராமசுப்புவுக்கு முகம் செத்துவிட்டது. "தொழுவத்துலயா குடியிருக்கப் போறீக?"

"ஆமா."

"கிணறு இல்லாம என்னடி செய்வ வடிவு?" என்றாள் தங்கச்செல்வி. அவள் நிஜமாகத்தான் கேட்டாள்.

"ஊரு அடிபம்பு இருக்குல்லக்கா."

அன்றைக்கு ராத்திரி ராமசுப்பு சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு வடிவு வயிறு நிறையச் சாப்பிட்டாள். தொழுவத்தை மெழுகிக் குடியேறினார்கள். அடிபம்பு வெகுதூரம், இடுப்பு விட்டுப் போனது. இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் இருந்த கிணற்றில் ஒரு குடம் அவள் எடுக்கவில்லை. புஞ்சையில் மிளகாய் போட்டார்கள். செடி இடுப்புக்கு வந்தது, காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ராமசுப்பு பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று பார்ப்பார். எரியட்டும், நல்லா எரியட்டும் என்று குனிந்து களை எடுத்துக்கொண்டே வடிவு நினைப்பாள்.

அந்தச் சந்தோஷத்தில் தொண்ணூற்று நாலில் மண் விழுந்தது. அடிபம்பில் குடம் நிறைகிற நேரத்தில், தண்ணீருக்கு வந்த கருத்தம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "உங்க மூத்தாருக்கு வாயெல்லாம் பல்லு, வடிவு. போற வாறவுகளையெல்லாம் நிப்பாட்டி, நான் கொட்டுன மண்ணு எப்படிப் பேசுது பாத்தியான்னு காட்டுறாக."

வடிவு குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அவர் வயிறு எரிந்துகொண்டிருக்கவில்லை. அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அவருடைய பெருமைக்குத்தான் அவள் களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மல்லாங்கிணறு பக்கம் செங்கல் காளவாசல் வைத்திருந்த தனுஷ்கோடி நல்ல மண் தேடி அலைவது எல்லாருக்கும் தெரியும். வடிவு ஆள் மூலம் சொல்லிவிட்டாள். பொன்ராஜ் கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சத்தம் போட்டான்.

"ஏட்டி, சோறு போடுற மண்ணுடி! அதை வித்துட்டு எதைத் தின்ன? ஹரிக்கு என்னத்த வச்சிட்டுப் போக?"

"கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவோம், ஆடு வளப்போம். ஒண்ணும் செத்துப் போயிற மாட்டோம்." பிறகு அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அந்த மண்ணு நம்ம பிள்ளை உசுர விடப் பெருசுன்னு வந்த மண்ணு. நீங்க ஊருல இல்ல. நான் இருந்தேன்."

பொன்ராஜ் வெளியே போய்ப் படப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

தனுஷ்கோடி சொன்ன விலைக்கு மேல் வடிவு பேரம் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "டிராக்டர் முன்வாசல் வழியாத்தான் போகணும். பகல்லதான் போகணும்."

ஆனி வெயிலில் முதல் லோடு கிளம்பியது. வடிவு டிராக்டருக்கு முன்னால் நடந்தே வந்தாள். வேம்படியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த ராமசுப்பு சத்தம் கேட்டு எழுந்தார். மண் உள்ளே போகிறது என்றுதான் முதலில் நினைத்தார். வெளியே போகிறது என்று விளங்கியதும் துண்டு கீழே விழுந்தது தெரியாமல் ஓடி வந்து டிராக்டருக்குக் குறுக்கே நின்றார்.

"ஏலே நிறுத்து! யாரு மண்ண யாருலே அள்ளுறது?"

"எங்க மண்ணு. நான்தான் வித்தேன்" என்றாள் வடிவு. பத்து வருஷத்துக்குப் பிறகு அவருக்கு எதிரே நின்று அவள் பேசிய முதல் பேச்சு அது. "பாதையை மறிக்கக் கூடாதுன்னு நீங்கதான் பேசினீக."

டிராக்டர் பெட்டியிலிருந்து உருண்டு விழுந்த கட்டி ஒன்றை ராமசுப்பு குனிந்து எடுத்தார். கிழவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வடிவு, இது என் உசுரும்மா. மாடு நுரை தள்ள அடிச்ச மண்ணு. வேண்டாந்தாயி. உனக்கு நான் என்ன கெடுதி செஞ்சேன்?"

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நடிக்கவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. அவள் விடிந்தால் எழுந்து மென்று, படுக்கும்போது விழுங்கிய, அவர் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவரிடம் இல்லவே இல்லை.

அவள் சொன்னாள். முறை நாள், பிள்ளையின் கண், அவர் நிறுத்தாமல் போனது, வெறும் வண்டி ஓடைக்கரை வழியாகத் திரும்பியது, அருஞ்சுனையிடம் கேட்டு வாங்கிய பாதி நாள், எல்லாவற்றையும் குரல் உயராமல் சொன்னாள். வாசலுக்கு வந்த தங்கச்செல்வி நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ராமசுப்பு டிராக்டருக்கு முன்னால் பாதையிலேயே குந்திவிட்டார். மண்கட்டி கையில் அப்படியே இருந்தது. பிறகு, மண்ணைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தலையை நிமிர்த்தினார்.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்சிருந்தோமா, வடிவு?"

"நான் வச்சிருந்தேன்."

"என்ன பேரு தாயி?"

நாக்கு நுனிவரைக்கும் அந்தப் பேர் வந்தது. பத்து வருஷமாக யாரும் கேட்டதில்லை, பெற்ற தகப்பன்கூடக் கேட்டதில்லை. சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று வடிவுக்குத் தெரிந்தது. அவருக்கும் லேசாகிவிடும் என்பதும் தெரிந்தது. அவள் பேரை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வழிய விடுங்க அத்தான். வண்டியில மண்ணு இருக்கு."

டிரைவர் ஹாரன் அடித்தான். ராமசுப்பு தரையில் கையை ஊன்றி எழுந்து ஓரமாக விலகி நின்றார்.